பைகளைப் பார்த்துக்கொண்டவர்

வியாழக்கிழமை காலை மகள் அழைத்தபோது லோகேஷ் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். லோகேஷ் என்ற பெயரைக் கேட்டால் இந்தக் காலத்துப் பிள்ளைகள், "தாத்தா பேரு மாதிரி இருக்கே" என்கிறார்கள். மாதிரி என்ன, தாத்தாவேதான். வயது அறுபத்திரண்டு. அவர் பிறந்தபோது அது நாகரிகமான பெயர். ஒரே வகுப்பில் மூன்று லோகேஷ்கள் இருந்து, வாத்தியார் இனிஷியல் சேர்த்துக் கூப்பிட வேண்டியிருந்தது.

சுவர்க் கண்ணாடித் திரையில் மகிழினியின் முகம் வந்தது. தலை வாரிக்கொண்டே பேசினாள்.

"அப்பா, வர்ற ஞாயித்துக்கிழமை ஜூவுக்குப் போலாம்னு இருக்கோம்."

கீரைக் காம்பு லோகேஷின் விரல்களுக்கிடையே நின்றுவிட்டது.

"உங்க பேத்திக்கு, செவ்வந்திக்கு, அஞ்சு வயசு முடியுதில்ல. ஒட்டகச்சிவிங்கி பார்த்தே ஆகணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. ஆதிரனுக்கும் அன்னைக்கு லீவு. நீங்களும் வர்றீங்க. எத்தனை மணிக்குக் கிளம்பணும், எந்தப் பக்கம் முதல்ல போகணும், எங்க உக்காந்து சாப்பிடணும், எல்லாம் நீங்கதான் பிளான் போடணும். அதுல உங்களை அடிச்சுக்க ஆளே இல்ல."

"ஜூவாம்மா? இந்த வெயில்லயா?" என்றார் லோகேஷ். "பீச்சுக்குப் போலாமே. சாயந்திரமாப் போனா காத்து வாங்கலாம்."

"ஜூன்னு சொன்னாலே ஏன்பா நழுவறீங்க? ஸ்கூல்ல ரெண்டு தடவை கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டு தடவையும் எனக்குக் காய்ச்சல்னு லெட்டர் எழுதிக் கொடுத்தீங்க. நான் நல்லாத்தான் இருந்தேன்."

"அப்போ காலம் சரியில்லம்மா. ஊரெல்லாம் காய்ச்சல்."

"சரி, இப்போ ஊர்ல காய்ச்சல் இல்ல. பிளான் போடுங்க" என்று சொல்லி முகம் மறைந்தது.

பிளான் போடுவதில் லோகேஷை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது நிஜம். பேருந்துப் பணிமனையில் இருபத்தேழு வருடம் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், யார் ஓட்டுவார், எங்கே டீ குடிப்பார், எங்கே மாற்றாள் ஏறுவார் என்று கட்டம் கட்டமாக எழுதி ஒட்டுவது அவர் வேலை. பிறகு வண்டிகள் ஓட்டுநர் இல்லாமல் ஓட ஆரம்பித்தன. தங்களுக்கான அட்டவணையையும் தாங்களே போட்டுக்கொண்டன. லோகேஷுக்கு ஒரு சால்வையைப் போர்த்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கை கேட்குமா? காய்கறி வாங்கப் போவதற்குக்கூட அவர் இன்னும் கட்டம் போடுகிறார்.

ஆனால் அன்றைக்குக் காகிதத்தை எடுத்துக் கோடு போட்டபோது பேனா முதல் கட்டத்தைத் தாண்டவில்லை. காரணம் உண்டு. அவருடைய மகளுக்குத் தன் அம்மாவைப் பற்றி ஒரே ஒரு நினைவுதான் இருந்தது. அது அந்த மிருகக்காட்சி சாலையில் கழித்த ஒரு நாள். அந்த நாள் நடக்கவே இல்லை.

சுகன்யா இறந்தபோது மகிழினிக்கு மூன்று வயது. மூன்று வயதுக் குழந்தைக்கு என்ன நினைவிருக்கும்? ஏழு வயதில் பள்ளிக்கூடத்தில் 'என் அம்மா' என்று பத்து வரி எழுதச் சொன்னார்கள். அவள் ஒரு வரி எழுதினாள். 'என் அம்மா சுவரில் இருக்கிறார்.' அந்த நோட்டைப் படித்த அன்று லோகேஷ் சாப்பிடவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு அகநடவு நிலையத்துக்குப் போனார்.

நினைவை நடுகிற வித்தை அப்போதுதான் வந்திருந்தது. பெற்றவர்களில் ஒருவரைப் பறிகொடுத்த குழந்தைகளுக்கு மட்டும், வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு நாள். அதற்கு மேல் சட்டம் அனுமதிக்கவில்லை. நிலையத்தில் ஷாஜிதா என்ற டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்.

"நாங்க படம் எடுத்து உள்ள போடறோம்னு நினைச்சுக்காதீங்க. நீங்க ஒரு நாளை எழுதித் தரணும். எத்தனை மணிக்கு என்ன நடந்துச்சு, யார் எங்க நின்னாங்க, என்ன பேசினாங்க. அது விதை. அம்மாவோட போட்டோவும் குரல் பதிவும் கொடுங்க. மத்ததை எல்லாம் குழந்தையோட மூளையே இட்டு நிரப்பிக்கும்."

"எதை வச்சு நிரப்பும் மேடம்?"

"தன்கிட்ட ஏற்கெனவே என்ன இருக்கோ அதை வச்சு. எங்கயோ பார்த்த மரம், எங்கயோ கேட்ட சத்தம், எங்கயோ அடிச்ச வாசனை. அவளுக்கே ஞாபகம் இல்லாதது எல்லாம் உள்ள கிடக்கும். எடுத்து ஒட்டிக்கும்."

"பிடிக்கலன்னா மாத்தி எழுத முடியுமா?"

"முடியாது. ஒரு தடவைதான். இன்னொண்ணு, இதுதான் ரொம்ப முக்கியம். இது நட்டதுன்னு அவளுக்கு என்னைக்குத் தெரியுதோ, அன்னைக்கே வாட ஆரம்பிச்சிடும். கொஞ்ச நாள்ல சினிமாவுல பார்த்தது மாதிரி ஆயிடும். நம்பற வரைக்கும்தான் அது உசிரோட இருக்கும். அதனால வாயைத் திறந்துடாதீங்க."

எந்த நாளை எழுதுவது என்று லோகேஷ் யோசிக்கவே இல்லை. அவரும் சுகன்யாவும் அந்த மிருகக்காட்சி சாலைக்குப் போக மூன்று தடவை நாள் குறித்திருந்தார்கள். முதல் தடவை பணிமனையில் ஆள் பற்றாக்குறை என்று கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டாவது தடவை மழை. மூன்றாவது தடவை அவளுடைய ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. யாரோ கொடுத்த பழைய வழிகாட்டி வரைபடம் ஒன்றை மடித்து, பார்க்க வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் டிக் போட்டு வைத்திருந்தாள் சுகன்யா. ஒட்டகச்சிவிங்கிக்கு மட்டும் இரண்டு டிக்.

அந்த வரைபடத்தை விரித்து வைத்து, ஒரே இருப்பில் உட்கார்ந்து லோகேஷ் எழுதினார். காலை ஒன்பதேகாலுக்கு நுழைவு. பத்து மணிக்கு நீர்யானை. பதினொன்று நாற்பதுக்கு ஒட்டகச்சிவிங்கி, சுகன்யா தூக்கிக் காட்டுவாள். பன்னிரண்டரைக்குப் புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல். அவரைக் கேட்டால் அவர் வாழ்க்கையில் போட்ட அட்டவணைகளிலேயே மிகச் சிறந்தது அதுதான். கடைசிக் கட்டத்தில் தன் பெயரை எழுதி, எல்லா நேரத்துக்கும் எதிரே ஒரே வார்த்தை எழுதினார். 'பை.'

ஷாஜிதா அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சார், இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

"பெஞ்சுல மேடம். பையைப் பார்த்துக்கிட்டு. உள்ள குரங்குத் தொல்லை ஜாஸ்தியாம். யாராவது ஒருத்தர் உக்காரணும் இல்ல?"

"நாள் முழுக்கவா? இது நிஜமான நாள் இல்ல சார், பையை யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. ரெண்டு இடத்துல உங்களையும் சேருங்க. குழந்தை தோள்ல உக்காந்து வர்ற மாதிரி ஏதாவது."

"வேணாம் மேடம். நான்தான் தினமும் இருக்கேனே. இது சுகன்யாவோட நாள். முழுசா அவளே இருக்கட்டும்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். கூடவே பழக்கதோஷமும் இருந்தது. கல்யாண வீடோ, கோயிலோ, கடற்கரையோ, லோகேஷ் போன இடத்திலெல்லாம் ஒரு ஓரமாக உட்கார்ந்து, "நீங்க போய்ப் பாருங்க, நான் பையைப் பார்த்துக்கிறேன்" என்று சொல்லியே வளர்ந்தவர். பொய்யாக ஒரு நாளை எழுதும்போதுகூட அவருக்கு வேறு வேலை தோன்றவில்லை. அந்த மனிதரை என்ன சொல்வது!

நட்டு முடித்த நாலாம் நாள் காலை, தோசையைப் பிய்த்துக்கொண்டே மகிழினி சொன்னாள். "அப்பா, அம்மா என்னைத் தூக்கி ஒட்டகச்சிவிங்கி காட்டினாங்க இல்ல? அம்மா தோள்ல பவுடர் வாசனை வந்துச்சு." லோகேஷ் அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். வந்தபோது குழந்தை அடுத்த கேள்வியை வைத்திருந்தது.

"நீங்க ஏம்பா வரல? பெஞ்சுலயே உக்காந்திருந்தீங்களே."

"பை இருந்துச்சேடா."

"பையையும் தூக்கிட்டு வந்திருக்கலாம் இல்ல?"

வந்திருக்கலாம்தான். ஒரு வரி எழுதியிருந்தால் போதும். பேனா கையில் இருந்தபோது எழுதாததை இனி யார் எழுத முடியும்?

பன்னிரண்டு வயதில் அவள் இன்னும் கடுமையாகக் கேட்டாள். "எனக்கு அம்மாகூட இருந்தது ஒரே ஒரு நாள். அன்னைக்கும் உங்களுக்குப் பைதான் பெருசாப் போச்சு. அம்மா உங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாங்க. நீங்க தலையைக்கூட நிமிர்த்தல." அப்படி எதையும் அவர் எழுதவில்லை. அவள் மூளையே இட்டு நிரப்பிக்கொண்டது. லோகேஷ் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் தன் மேலுள்ள பழி போய்விடும், கூடவே சுகன்யாவும் போய்விடுவாள். அவர் திறக்கவில்லை. "தப்புதான்மா" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

பதினாறு வயதில் ஒரு நாள் முதல் அவள் கேட்பதையே நிறுத்திவிட்டாள். ஜூ என்ற பேச்சே எடுப்பதில்லை. ஒரேயடியாகக் கைகழுவிவிட்டாள் போலிருக்கிறது என்று லோகேஷ் நினைத்துக்கொண்டார். அவள் திட்டிக்கொண்டிருந்தபோதுகூட அவருக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை முதல் வண்டியைப் பிடித்து லோகேஷ் தனியாக மிருகக்காட்சி சாலைக்குப் போனார். அட்டவணை போடுகிறவன் பாதையை ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும் என்பது பணிமனைப் பழக்கம். அந்தப் பழக்கத்தை அவர் ஒரே ஒரு தடவைதான் மீறியிருந்தார். சுகன்யாவின் நாளை எழுதியபோது.

வாசலைத் தாண்டி உள்ளே நடந்தார். அவர் எழுதிய நீர்யானைக் குளத்தை வலதுகைப் பக்கம் தேடினார். அங்கே பறவைகள் இருந்தன. ஆனால் அதெல்லாம் சமாளிக்கலாம். இருபத்தாறு வருடத்தில் எதையெதையோ இடம் மாற்றியிருப்பார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். குழந்தை நினைவு, திசை தெரியவில்லை என்றும் சொல்லலாம். அரை மணி நேரம் நடந்து ஒட்டகச்சிவிங்கி இருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். உயரமான வேலிக்குப் பின்னால் நான்கு ஒட்டகச்சிவிங்கிகள் எதையோ யோசிப்பதுபோல் மென்றுகொண்டிருந்தன. வேலிக்கு முப்பது அடி முன்னால் ஒரு சிமெண்ட் பெஞ்சு. பெஞ்சுக்குப் பக்கத்திலேயே இடுப்பு உயரத்துக்கு ஒரு கல்வெட்டு.

'ஒட்டகச்சிவிங்கி வளாகம்' என்று போட்டு, கீழே திறப்பு நாளைச் செதுக்கியிருந்தார்கள். லோகேஷ் மனதுக்குள் கணக்குப் போட்டார். சரியாகப் பதினைந்து வருடம். அப்போது மகிழினிக்குப் பதினாலு வயது.

பக்கத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்த பணியாளரைக் கூப்பிட்டார். சட்டையில் ஜெயமணி என்று பெயர் தைத்திருந்தது.

"இதுக்கு முன்னாடி ஒட்டகச்சிவிங்கி வேற இடத்துல இருந்துச்சுங்களா?"

"எங்க சார்? நான் இங்க இருபத்தெட்டு வருஷமா இருக்கேன். இதுங்க வந்த பிறகுதான் இந்த ஜூவுல ஒட்டகச்சிவிங்கியே. அதுக்கு முன்னாடி வரும் வரும்னு சொல்லிட்டே இருந்தாங்க. மேப்புல எல்லாம் போட்டுட்டாங்க. சனங்க வந்து எங்ககிட்ட சண்டை போடும்."

லோகேஷ் பையிலிருந்து சுகன்யாவின் வரைபடத்தை எடுத்து விரித்தார். இரண்டு டிக்குக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. மூலையில் பொடி எழுத்தில், நட்சத்திரக் குறியிட்டவை விரைவில் வரவுள்ளன என்று போட்டிருந்தது. எத்தனையோ தடவை பார்த்த காகிதம். அந்த வரியை அவர் படித்ததே இல்லை.

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மகிழினி இங்கே வருவாள். கல்லைப் படிப்பாள். அவளுக்குக் கணக்கு அவரைவிட நன்றாக வரும். மூன்று வயதில் தான் பார்த்த ஒட்டகச்சிவிங்கி எங்கிருந்து வந்தது என்று கேட்பாள். அவ்வளவுதான். பவுடர் வாசனை போய்விடும், தோள் போய்விடும். சுகன்யா மறுபடியும் சுவருக்குப் போய்விடுவாள்.

ஆனால் லோகேஷ் லேசுப்பட்டவர் இல்லை. வேலியைச் சுற்றி நடந்து பார்த்தார். மான்கள் இருக்கும் பக்கமிருந்து ஒரு பின்வழி வந்து வேலியின் மறுபுறத்தில் முடிந்தது. அங்கிருந்தும் ஒட்டகச்சிவிங்கி தெரிந்தது, கல் தெரியவில்லை. நின்ற இடத்திலேயே காகிதத்தை எடுத்து எழுதினார். பறவை, புலி, மான், அங்கிருந்து பின்வழியாக ஒட்டகச்சிவிங்கி, வந்த வழியே திரும்புதல், சாப்பாடு. ஒட்டகச்சிவிங்கிக்குப் பத்து நிமிடம். அதற்கு மேல் நின்றால் ஆபத்து.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதேகாலுக்கு எல்லோரும் வாசலில் இருந்தார்கள். மூன்று பைகள். ஒன்றில் புளியோதரை, ஒன்றில் தண்ணீர், ஒன்றில் செவ்வந்திக்கு மாற்றுத்துணி. மூன்றையும் லோகேஷ் தோளில் மாட்டிக்கொண்டார். "குடுங்க மாமா, நான் தூக்கறேன்" என்று மருமகன் ஆதிரன் இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

எல்லாம் அட்டவணைப்படிதான் நடந்தது. செவ்வந்தி கிளிகளோடு சண்டை போட்டாள். புலி தூங்கிக்கொண்டிருந்ததால், "எழுப்பு தாத்தா" என்று அவரை ஏவினாள். மகிழினி அதிகம் பேசவில்லை. ஒரு இடத்தில் நின்று சுற்றிலும் பார்த்தாள். லோகேஷ் இரண்டடி திரும்பி வந்தார். "என்னம்மா?" என்றார். "ஒண்ணுமில்லப்பா, நடங்க" என்றாள்.

மான்களைத் தாண்டிப் பின்வழிக்கு வந்தபோது குறுக்கே கயிறு கட்டியிருந்தது. அப்பால் பள்ளம் தோண்டிக் குழாய் பதித்துக்கொண்டிருந்தார்கள்.

"அடடா" என்றார் லோகேஷ். "சரி, அப்போ சாப்பிடப் போலாம். ஒட்டகச்சிவிங்கியை இன்னொரு நாள்..."

அவர் முடிப்பதற்குள் செவ்வந்தி தரையில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தாள். "இதுக்குத்தானேப்பா வந்ததே" என்று மகிழினி சிரித்தாள். "முன்பக்கமாச் சுத்திப் போலாம் வாங்க. எவ்வளவு தூரம் இருந்துடப் போகுது?"

லோகேஷ் முன்னால் ஓடினார். அறுபத்திரண்டு வயதில் மூன்று பைகளோடு ஒருவர் அப்படி ஓடிப் பார்த்ததில்லை என்று ஆதிரன் பிற்பாடு சொல்லிச் சிரித்தான். மற்றவர்கள் வந்து சேர்வதற்குள் அவர் ஒரு பையைக் கல்வெட்டின் மேல் மாட்டி, இன்னொன்றை அதன்மேல் சாய்த்து வைத்து, மூன்றாவதை மடியில் வைத்துக்கொண்டு, கல்லோடு ஒட்டிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கியது.

"நீங்க போய்ப் பாருங்க" என்றார். "நான் பையைப் பார்த்துக்கிறேன்."

ஆதிரன் செவ்வந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வேலிக்குப் போனான். மகிழினி போகவில்லை. நின்று அவரையே பார்த்தாள். பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பையை எடுத்துடுங்கப்பா. அந்தக் கல்லுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியும்."

லோகேஷ் கல்லின் மேலிருந்த பையைக் கையால் பிடித்துக்கொண்டார்.

"பதினாறு வயசுல ஒரு நாள் டியூஷன்னு சொல்லிட்டு என் ஃப்ரெண்ட் ரோஷ்னிகூட இங்க வந்தேன். அம்மா தூக்கிக் காட்டின இடத்தை அவளுக்குக் காட்டலாம்னு. கல்லைப் படிச்சுட்டு, தேதி தப்புன்னு வாட்ச்மேன்கிட்ட சண்டையே போட்டேன். வீட்டுக்கு வந்து உங்க பீரோவைக் குடைஞ்சேன். அட்டவணை இருந்துச்சு. பதினொண்ணு நாப்பது, ஒட்டகச்சிவிங்கி. 'அம்மா, அதோட நாக்கு கறுப்பு என்று மகிழினி சொல்வாள்.' நானா சொன்னேன்னு நினைச்சுட்டிருந்தது உங்க கையெழுத்துல இருந்துச்சுப்பா."

"அப்போ அம்மா?" என்று கேட்டார் லோகேஷ்.

"போயிட்டாங்க. முதல்ல குரல் போச்சு. அப்புறம் அந்தப் பவுடர் வாசனை. ஒரு வாரம் கண்ணை மூடிக்கிட்டே இழுத்துப் பிடிச்சுப் பார்த்தேன். நிக்கல. இப்போ ஏதோ சினிமாவுல ஒரு பொம்பளை குழந்தையைத் தூக்கற மாதிரி இருக்கு. அவ்வளவுதான்."

வேலியருகே செவ்வந்தி குதித்துக்கொண்டிருந்தாள். லோகேஷ் அவளைப் பார்த்தார், ஆனால் எதுவும் மனதில் பதியவில்லை. பதின்மூன்று வருடமாக அவர் காத்து வந்தது அங்கே இல்லவே இல்லை. காலிப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறார்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அந்த ஒரு நாளாவது எனக்குக் கொடுத்துட்டோம்னு நீங்க நிம்மதியா இருந்தீங்க. அதை எப்படிப் பிடுங்கறது?"

"நிம்மதியாவா?" லோகேஷுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் அழுகையாகிவிட்டது. "நீ என்கிட்ட கேக்கறதை நிறுத்தினப்போ, என்னை நீ வெறுத்துட்டியோன்னு நினைச்சேன்மா."

"வெக்கமா இருந்துச்சுப்பா. நடக்காத ஒரு நாளுக்காக ஒன்பது வருஷம் உங்களைத் திட்டியிருக்கேன். நீங்களும் தப்புதான்மான்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க. அதுக்கப்புறம் உங்க முகத்தைப் பார்த்து எதைப் பேசறது?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் நோகடிக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து, பதின்மூன்று வருடத்தை வீணாக்கியிருந்தார்கள். அந்தப் பதின்மூன்று வருடத்தில் சுகன்யாவைப் பற்றி எத்தனை நிஜமான கதைகளைச் சொல்லியிருக்கலாம்! அவள் ரசத்தில் வெல்லம் போடுவாள் என்பதுகூட மகிழினிக்குத் தெரியாது.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் போகலப்பா" என்றாள் மகிழினி. "மத்ததெல்லாம் வாடிடுச்சு. பெஞ்சுல நீங்க உக்காந்திருந்தது மட்டும் அப்படியே இருக்கு. மடியில சிவப்புக் கட்டம் போட்ட பை. காலடியில பச்சை பிளாஸ்க். தலையைக் குனிஞ்சுட்டு இருக்கீங்க. சுத்திலும் டெட்டால் வாசனை. ஜூவுல எப்படிப்பா டெட்டால் வாசனை வரும்? சின்ன வயசுல எனக்கு அது தோணவே இல்ல."

லோகேஷ் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சிவப்புக் கட்டம் என்றோ, பச்சை பிளாஸ்க் என்றோ அவர் எந்த அட்டவணையிலும் எழுதவில்லை. இருபத்தாறு வருடமாக அவள் மனதுக்குள்ளேயே கிடந்த ஒன்று அது. ஷாஜிதா அன்றைக்குச் சொன்னது அவருக்கு நினைவுக்கு வந்தது. தன்கிட்ட ஏற்கெனவே என்ன இருக்கோ அதை வச்சு.

"அது ஜூ இல்லம்மா" என்றார். "ஆஸ்பத்திரி."

"தெரியும். அந்தப் பெஞ்சு மட்டும் ஏன் வாடலன்னு யோசிச்சப்போ புரிஞ்சுது. ஆனா அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியாது. சொல்லுங்க."

அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னார்.

"தீவிர சிகிச்சை வார்டுல ஒரு தடவைக்கு ரெண்டு பேரைத்தான் விடுவாங்க. கடைசி நாள்னு யாருக்கும் தெரியாது. சொந்தக்காரங்க எல்லாம் வந்திருந்தாங்க. உன்னை உங்க பெரியம்மா தூக்கிட்டுப் போய்க் காட்டிட்டு வந்தாங்க. என்னை முதல்ல போகச் சொன்னாங்க. நான்தான், எல்லாரும் பார்த்துட்டு வரட்டும், கடைசியா நிதானமாப் போய் உக்காரலாம்னு, நீங்க போய்ப் பாருங்க, நான் பையைப் பார்த்துக்கிறேன்னு..."

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. மகிழினி அவர் முதுகில் கை வைத்தாள்.

"என் முறை வரவே இல்லம்மா. பெரிசா ஒண்ணும் சொல்லணும்னு இல்ல. ஜூவுக்கு நாலாவது தடவையா ஒரு தேதி பார்த்து வச்சிருந்தேன். அதைச் சொல்லலாம்னு இருந்தேன்."

வேலிப் பக்கமிருந்து, "தாத்தா! தாத்தா!" என்று செவ்வந்தி கத்தினாள். அப்பா தூக்கினால் எட்டவில்லையாம், தாத்தாதான் உயரமாம். ஆதிரன் கையை விரித்துக் காட்டினான்.

மகிழினி எழுந்து, கல்லின் மேலிருந்த பையை எடுத்தாள். சாய்த்து வைத்திருந்ததை எடுத்தாள். கடைசியாக அவர் மடியிலிருந்ததைப் பிடித்து இழுத்தாள். அவர் கை லேசில் விடவில்லை.

"குடுங்கப்பா" என்றாள். "நான் பார்த்துக்கிறேன். நீங்க போங்க."

லோகேஷ் போனார். கை இரண்டும் வெறுமையாகத் தொங்கியது அவருக்கே வினோதமாக இருந்தது. செவ்வந்தியைத் தூக்கித் தோளில் உட்கார வைத்தார். ஒரு ஒட்டகச்சிவிங்கி மெல்லக் கழுத்தை வளைத்து, வேலிக்கு மேலிருந்த கிளையைத் தேடி நாக்கை நீட்டியது.

"தாத்தா, நாக்கைப் பாரு! கறுப்பா இருக்கு!"

"ஆமாடா கண்ணு."

"நீ இதுக்கு முன்னாடி பார்த்திருக்கியா?"

"இல்லடா. இதுதான் முதல் தடவை" என்றார் லோகேஷ். "உங்க பாட்டிதான் பார்க்கணும் பார்க்கணும்னு சொல்லிட்டே இருந்தா."

குழந்தையைத் தோளில் வைத்தபடியே திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் மகிழினி மூன்று பைகளையும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை. தலை குனிந்திருப்பதும் பைகளும்தான் தெரிந்தன. பெஞ்சுக்கும் வேலிக்கும் நடுவே முப்பதே அடிதான். அது இவ்வளவு தூரம் என்று அவருக்கு அன்றுவரை தெரிந்திருக்கவில்லை.